தொண்டும் கணக்கும்

பெரம்பலூர் மாவட்டத்தில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வடக்கே வெள்ளாறு, உள்ளே மருதையாறு, பச்சைமலையிலிருந்து இறங்கும் கல்லாறு என்று பெயர்கள் உண்டு. மழை பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். பக்கத்து மாவட்டமான அரியலூருக்குத் தெற்கு எல்லையாகக் கொள்ளிடம் இருந்தாலும் அதன் ஈரம் திருமானூர், தா.பழூர் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. செந்துறையும் ஆண்டிமடமும் வானத்தையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பித்தான் வெள்ளாமை செய்கின்றன. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியும் விளையும் இந்தப் பூமியில் ஓர் ஊருக்குப் பொதுவாக இருக்கும் மிகப் பெரிய சொத்து அதன் ஏரிதான். ஊர்ப் பொதுக்காரியத்தில் ஈடுபடுவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இங்கே பதிலை ஏரிக்கரையில்தான் தேட வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் மாநிலமெங்கும் இளைஞர்கள் குழு குழுவாக ஏரி குளங்களில் இறங்கினார்கள். வாட்ஸ்அப்பில் பணம் திரட்டினார்கள், பொக்லைனை வாடகைக்கு எடுத்தார்கள், சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள், கரையில் பனை விதை ஊன்றினார்கள். கட்சிக்கொடி பிடிக்காத, சம்பளம் வாங்காத ஒரு பொதுவாழ்க்கை கிராமங்களில் துளிர்த்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். மதிப்பதால்தான், அது ஏன் பல இடங்களில் இரண்டாவது கோடையைத் தாண்டுவதில்லை என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. என் முடிவு இது: உழைக்க ஆள் கூப்பிடும் இடத்தில் கணக்கையும் காட்ட வேண்டும், முடிவெடுக்கவும் கூப்பிட வேண்டும். அந்த உரிமை இல்லாத தொண்டு, செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நிலைக்காது.

ஏரியைச் சீரமைப்பதென்றால் நடுவில் பள்ளம் தோண்டுவது என்று பலரும் நினைக்கிறோம். ஏரிக்கு உயிர் கொடுப்பது வரத்து வாய்க்கால். மேட்டிலிருந்து மழைநீரை அழைத்து வரும் அந்த வாய்க்கால் மைல் கணக்கில் நீண்டு, பல பேருடைய நிலத்தின் ஓரமாகவும், சாலைக்கு அடியில் குழாய் வழியாகவும், சில இடங்களில் கல்குவாரியைச் சுற்றியும் வருகிறது. கரையில் மதகு, உபரி நீர் வெளியேறக் கலிங்கு, கலிங்கிலிருந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும் ஓடை என்று மற்ற உறுப்புகளும் சரியாக இருந்தால்தான் தேங்கிய நீருக்குப் பயன். தன்னார்வக் குழுவின் பொக்லைன் எளிதாக இறங்கும் இடம் ஏரியின் வயிறுதான். அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள், ஒரே நாளில் மாற்றம் தெரியும், படமும் நன்றாக வரும். வரத்து வாய்க்காலில் கை வைத்தால் கதையே வேறு. அதை உழுது தன் வயலோடு சேர்த்துக்கொண்டவர் ஊரில் செல்வாக்குள்ளவராக இருப்பார். வாய்க்காலின் அகலம் எவ்வளவு என்று புலப்படம் பார்க்க வேண்டும், சர்வேயர் வர வேண்டும், தாசில்தார் உத்தரவு போட வேண்டும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பொக்லைனால் செயல்படுத்த முடியாது. உடலுழைப்பு முடிகிற அந்த இடத்தில் ஊரின் முடிவு தொடங்குகிறது. முடிவில் பங்கில்லாதவர்கள் தோண்டிய பள்ளத்துக்குத் தண்ணீர் வருவதில்லை. தண்ணீர் வராத ஏரிக்கு மறு கோடையில் ஆளும் வருவதில்லை. சோம்பேறித்தனம் என்று அவர்களைக் குறை சொல்வது நியாயமே அல்ல.

இந்த அனுபவம் நமக்குப் புதிதும் அல்ல. குடிமராமத்து என்று நாம் பெருமையோடு சொல்லும் ஏற்பாட்டின் கதையே இதற்குச் சான்று. வெள்ளையர் நிலவரி முறை வருவதற்கு முன்பு, ஊர் விளைச்சலில் ஒரு பங்கு ஏரி பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. மதகு திறந்து நீர் பாய்ச்சுபவருக்கு மானிய நிலம் இருந்தது. உழைப்புக்கு அடியில் ஒரு நிதி இருந்தது, அந்த நிதியின் மீது ஊருக்குப் பிடி இருந்தது. ரயத்துவாரி முறை வந்து, கம்பெனி அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கத் தொடங்கியபோது அந்தப் பங்கு கருவூலத்துக்குப் போயிற்று, மானியங்கள் சுருங்கின. உழைப்புக் கடமை மட்டும் ஊரின் தலையில் நின்றது. மக்கள் வராமல் போனதும், பழைய வழக்கத்தை மறந்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் குறைப்பட்டார்கள். 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் கட்டாய உழைப்பைச் சட்டமாக்கி, வராதவரிடம் பணம் வசூலிக்கவும் வழி செய்தது. அந்தச் சட்டத்தால் ஏரிகள் செழிக்கவில்லை. நிதியையும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுச் சென்றால் அதன் பெயர் மரபைக் காப்பது ஆகாது. 2017 மார்ச்சில் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஆயக்கட்டு விவசாயிகள் 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. மக்களின் பங்கைக் கேட்டது சரி. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு தருபவருக்கு மீதி ஒன்பது பங்கின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் பார்க்க நடைமுறையில் எவ்வளவு இடம் இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பழங்காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை, ஏரி வாரியத்துக்குக் குடவோலை மூலம் ஆள் எடுத்த முறையை விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்கு வர முடியாது என்பது அதில் உள்ள விதிகளில் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பொதுவேலையையும் கணக்கையும் பிரிக்க முடியாது என்று ஒரு சபை உணர்ந்திருந்தது. அதே கல்வெட்டுதான் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெண்ணுக்கும் நிலமற்றவருக்கும் குடத்தில் ஓலை இல்லை. ஏரி மண்ணைச் சுமந்த தலைகள் வேறு, கணக்கைச் சரிபார்த்த தலைகள் வேறு. பிற்காலக் கிராமத்திலும் இதுதான் நடந்தது. நிலம் வைத்திருந்தவர் தன் பங்கு உழைப்புக்குப் பண்ணையாளை அனுப்பினார். மதகில் முங்கி அடைப்பை எடுத்தவரும், இரவில் கரையைக் காத்தவரும், பல ஊர்களில் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததில்லை. அந்த உழைப்பைத் தொண்டு என்று நாம் இன்று புகழ்ந்தால், கூலியில்லாமல் வாங்கப்பட்ட வெட்டி வேலைக்குப் புண்ணியச் சாயம் பூசுகிறோம் என்று பொருள். அக்குறை இன்றைய சட்டத்திலும் முழுக்கத் தீரவில்லை. 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் ஆயக்கட்டு நிலம் உள்ளவர்களை மையமாக வைத்து நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைக்கிறது. இந்த இரு மாவட்டங்களிலும் ஏரியின் பயனாளி மாறி வெகு நாளாயிற்று. ஏரி நிறைந்தால் ஊறுவது சுற்றியுள்ள கிணறுகளும் குடிநீர்க் குழாய்களும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் காட்டுபவர் பலருக்கு அரை ஏக்கர்கூட இருக்காது. அவர்களும் ஏரிக்கு உரிமைக்காரர்கள்.

அரியலூர் மண்ணிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவுபடுத்த வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, தெற்கு வடக்காகப் பதினாறு மைல் கரை கொண்டதாக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளியான ஓர் ஆங்கிலேய விவரக் குறிப்பு எழுதுகிறது. அப்போதே அது பாழ்பட்டுக் காடாகிக் கிடந்தது. அதே குறிப்பு இன்னொன்றையும் பதிவு செய்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கருங்கல்லுக்காகக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வெளிமதிலைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ஊர் ஏழைகள் தங்களால் முடிந்த மட்டும் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்கும் நிறைவேறவில்லை என்று அந்தக் குறிப்பே வருந்துகிறது. கீழணையால் பெரும் பரப்பு பாசனம் பெற்றது உண்மை; அதை மறுக்கவில்லை. பெயர் தெரியாத அந்த மக்கள் செய்ததை எந்தக் கணக்கில் வைப்பது என்பதே என் கேள்வி. அவர்கள் அன்னதானம் போடவில்லை, உண்டியல் குலுக்கவில்லை. பொதுச் சொத்து ஒன்று போகும்போது குறுக்கே நின்றார்கள். ஊர்த்தொண்டின் வரலாறு இந்த இரு மாவட்டங்களுக்கும் எழுதப்பட்டால் அவர்களுக்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும். கொடுப்பது தொண்டின் ஒரு பாதி. கேட்பதும் தடுப்பதும் மறுபாதி. நம் காலத்தில் முதல் பாதிக்கு மேடையும் சால்வையும் கிடைக்கின்றன. இரண்டாம் பாதிக்கு வம்புக்காரன் என்ற பெயர்தான்.

சுண்ணாம்புக்கல் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த பகுதி இது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் புதைபடிவங்களும் அந்தக் கடலின் மிச்சம். அதே கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாகச் சிமெண்ட் தொழில் வளர்ந்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2015இல் கனிமச் சட்டத்தில் வந்த திருத்தம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியது. பள்ளிக்கு வகுப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம் என்று இந்தப் பணம் வந்து சேர்கிறது, பயன் உண்டு. ஆனால் இதை வள்ளல் தன்மையாகக் கருதிக் கைகூப்பி வாங்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. தோண்டி எடுத்த கல் திரும்ப விளையாது, லாரிப் புழுதி வெங்காயத் தாளில் படிகிறது, கல் தீர்ந்த குழி அப்படியே கிடக்கிறது. இவற்றுக்கு ஈடாகச் சட்டம் ஒதுக்கிய பணத்தை எந்த ஊரில், எதற்கு, எந்த வரிசையில் செலவிடுவது என்று ஊர் மக்கள் உட்கார்ந்து பேச வேண்டும். திறப்பு விழாவுக்கு ஆள் சேர்ப்பதோடு ஊர்க்குழுவின் வேலை முடிந்துவிடுகிறது என்றால், அந்தக் குழு ஊருக்காக உழைக்கவில்லை, விழாவுக்காக உழைக்கிறது.

மறுப்புகள் உண்டு. கணக்கு, உரிமை என்று பேச ஆரம்பித்தால் தொண்டின் தூய்மை போய்விடும், அரசியல் நுழைந்துவிடும் என்பது முதலாவது. நல்ல மனிதர்கள் பலர் மனதார நம்பும் வாதம் இது. ஆனால் அரசியல் இனிமேல்தான் நுழைய வேண்டுமா? எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எந்த ஏரிக்கு முதலில் பொக்லைன், அன்னதானப் பந்தி எங்கே, யார் பரிமாறுவது என்று எல்லாவற்றிலும் சாதியும் கட்சியும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பேசாமல் இருப்பதால் அவை எழுந்து போவதில்லை. வலுத்தவர் முடிவு மட்டும் சத்தமில்லாமல் நிறைவேறுகிறது. பொதுவில் வைத்துக் கேட்டால் சண்டை வரலாம், வரும். அந்தச் சண்டையைத் தாங்கித்தான் ஒரு காலனிப் பெண் வரத்து வாய்க்காலைப் பற்றிப் பேச முடியும். மௌனத்தில் அவளுக்கு இடமே இல்லை.

அரசு செய்ய வேண்டியதை மக்கள் ஏன் செய்ய வேண்டும், வரி எதற்குக் கட்டுகிறோம் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பெரும்பகுதி உண்மை. பள்ளிக்கு ஆசிரியர் போடாமல் தன்னார்வலரை நம்பு என்று ஓர் அரசு சொன்னால் அதை ஏற்கக் கூடாது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்தபோது, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை 5 மணி முதல் 7 மணி வரை குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பெரும்பாலும் பெண்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்து நடந்த வகுப்புகள் அவை. பள்ளிக்கூடத்துக்கு மாற்றாக அவர்கள் தங்களை நினைக்கவில்லை. விட்டுப்போனதை ஈடுகட்டும் துணையாக நின்றார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வாங்கினால் அது எப்படித் தன்னார்வம் ஆகும் என்று அப்போது சிலர் கேட்டார்கள். வசதியுள்ளவர் கேட்கும் கேள்வி அது. காசு வாங்காமல் உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஒரு நாள் கூலியை இழக்க முடிந்தவர்களுக்கு மட்டும் பொதுவாழ்க்கையின் கதவைத் திறக்கிறது. நூறு நாள் வேலையில் ஏரி வெட்டப் போன பெண்களைவிட ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடை மண் சுமந்த நகரத்து இளைஞர் உயர்ந்த தொண்டர் என்று எந்தத் தராசில் நிறுத்துச் சொல்வது? கை நீட்டி வாங்கிய சிறு தொகை மனதின் ஈடுபாட்டைக் கெடுத்துவிடாது. தன் வேலைக்கு மதிப்பே இல்லை, சொல்லுக்கும் மதிப்பில்லை என்று உணரும் நாளில்தான் ஈடுபாடு செத்துப்போகிறது.

எதிர்த்திசையிலிருந்து ஒரு நல்ல உதாரணம் அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கரைவெட்டி ஏரி ஏறக்குறைய 454 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிறையும் பாசன ஏரி. 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து இங்கே இறங்குகிறது. ஒரு நீர்நிலை அந்தப் பட்டியலுக்குத் தகுதி பெறுவதற்கான அளவுகோல்களில் பறவை எண்ணிக்கையும் உண்டு. 20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து வருகின்றனவா, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதமாவது இங்கே தங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணைத் தருபவர்கள் சம்பளக்காரர்கள் மட்டும் அல்லர். 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், வனத்துறை நடத்தும் ஆண்டுக் கணக்கெடுப்பும் கல்லூரி மாணவர்களையும் ஆசிரியர்களையும் பறவை ஆர்வலர்களையும் நம்பியே நடக்கின்றன. விடியும் முன் கரைக்கு வந்து, ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பழகி, பிறகு நூறு நூறாக மதிப்பிடுகிறார்கள். எழுந்து பறந்த கூட்டம் அடுத்த பகுதியில் இறங்கினால் இரண்டு முறை எண்ணிவிடாமல் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எண்ணி முடித்த தாள் அவர்கள் கையெழுத்தில் இருக்கிறது. போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று அவர்களுக்கே தெரியும். குறைந்தால் ஏன் என்று கேட்கும் தகுதியும் அவர்களுக்கு வந்துவிடுகிறது. வருடாவருடம் திரும்பி வருகிறார்கள் என்பதில் வியப்பில்லை. பறவைகளை எண்ணுவது போலவே ஏரியின் வரத்து வாய்க்காலில் எத்தனை அடைப்பு, மதகில் எத்தனை பலகை பழுது, பள்ளியில் எத்தனை குழந்தைகள் நின்றுவிட்டன என்று எண்ணி எழுதுவதும் தொண்டுதான். மண் சுமக்க முடியாத முதியவரும் நடக்கச் சிரமப்படும் மாற்றுத்திறனாளியும் அதைச் செய்யலாம்.

எழுதியதை வைக்க ஓர் இடம் வேண்டும். அது கிராம சபை. பெரம்பலூரின் நான்கு ஒன்றியங்களிலும் அரியலூரின் ஆறு ஒன்றியங்களிலும் உள்ள எந்த ஊராட்சியிலும், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள்; நிலம் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். அந்த நூறு பேர் வராமல், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது, வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவர் என்று பிடித்துக் கேட்க ஊரில் யாரும் இல்லாமல் போயிற்று. அப்படிப்பட்ட காலத்தில் கிராம சபையில் ஆள் இருப்பதன் தேவை பல மடங்கு. கிராம சபையில் பேசி ஒன்றும் நடக்காது என்பவர்கள் இருக்கிறார்கள்; நடக்காத தீர்மானங்கள் ஏராளம் என்பதும் மெய். ஆனால் தீர்மானம் என்பது காகிதத்தில் ஏறிய கேள்வி. அடுத்த கூட்டத்தில் அதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்க ஆள் இருந்தால் அது செத்துப்போவதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தின் நகலோடு நிற்கவில்லை. அரசுப் பணி நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும், கலவையின் மாதிரியைச் சான்றோடு பெறவும் உரிமை தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

கோடையில் ஏரிக்கரைக்கு வந்த இளைஞர்களிடமும், பணம் அனுப்பிய வெளியூர்க்காரர்களிடமும், பனை விதை ஊன்றிய பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களிடமும் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூட வேண்டும். மண்வெட்டி பிடித்த குழு கலையாமல் அந்தக் கூட்டத்துக்கும் வரட்டும். காலனியிலிருந்து வருபவர்களுக்கு முன்வரிசையில் இடம் விட்டு உட்காரட்டும். ஏரியின் புலப்படத்தையும் வேலையின் மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால், தரவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.